டபுள் பாஸ் வாங்குமுன் ஓர் எஃப் ப்ளூஸ்

வீட்டு ஸ்டூடியோ: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் பியானோ சாம்பிள்களைப் பற்றி, அதாவது நிஜ வாத்தியத்தின் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து கீபோர்டில் வாசிக்கத் தரும் தொகுப்புகளைப் பற்றி, எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாஸைப் பற்றிக் கேட்கின்றன. அதுவும் ஜாஸுக்கான டபுள் பாஸ். ஆள் உயர வயலின் மாதிரி ஒன்றை உடம்பில் சாய்த்து நின்றுகொண்டு விரலால் இழுத்து வாசிப்பார்களே, அதேதான். நான் 18 வருடம் மெல்லிசைக் குழுக்களிலும் ரெக்கார்டிங்குகளிலும் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். அப்புறம் கீபோர்டு புரோகிராமிங் பக்கம் வந்துவிட்டேன். அதனால் பதில்களில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பியானோ, பிரஷ் டிரம்ஸ், பாஸ் என்று ஜாஸ் டிரியோ ஒன்றை வீட்டில் தனியாகவே உருவாக்குகிறேன். விண்டோஸ், ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள். பியானோ நானே வாசிக்கிறேன், பாஸ் லைனையும் நானே எழுதுகிறேன். ஆனால் பாஸ் மட்டும் தையல் மெஷின் ஓடுவதுபோல் கேட்கிறது. டிரிலியன், ஆம்பிள் பாஸ் அப்ரைட், மோடோ பாஸ் 2, செஷன் பாஸிஸ்ட் அப்ரைட் ஆகிய நான்கு பாஸ் மென்பொருள்களின் டெமோவையும் கேட்டேன். எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. கையில் 15,000 ரூபாய் வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம், சார்? – கோவை வாசகர்

பதில்: டெமோவில் நன்றாக இல்லாத பாஸ் ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. நிமிடத்துக்கு 60 பீட் வேகத்தில் ஒரு பாலட், அதாவது மெதுவான பாட்டு போட்டு, ஒரு நோட்டை மூன்று செகண்ட் நீளவிட்டு, மேலே கொஞ்சம் ரிவெர்ப் தூவினால் எந்தப் பாஸும் உருக்கமாகத்தான் இருக்கும். உங்கள் டிரியோ பெரும்பாலும் 160-இல் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் ஒரு பீட் என்பது 375 மில்லிசெகண்ட். டெமோவில் உங்களை மயக்கிய அந்த நீண்ட வால் உங்கள் பாட்டில் ஒரு தடவைகூட வராது. நோட்டின் முதல் மூன்றிலொரு செகண்டும், அது முடிந்து அடுத்தது தொடங்குகிற இடைவெளியும் மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கும். வாங்குவதும் அந்த இடைவெளியைத்தான்.

எந்தக் கம்பெனி என்று பார்ப்பதற்கு முன் எந்தப் பாஸ் என்று முடிவு செய்யுங்கள். 1950-களின் ஒலி வேண்டுமா, 1970-களின் ஒலி வேண்டுமா? முன்னதில் பாஸுக்கு ஆட்டுக்குடலில் முறுக்கிய கம்பி. விரல்பலகையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும், இழுக்கத் தெம்பு வேண்டும். "தும்" என்று விழுந்து சட்டென்று அடங்கும். ஜாஸ் பாஸ் கலைஞர் பால் சேம்பர்ஸ் அந்தக் காலத்தில் வாசித்ததைக் கேளுங்கள். நோட்டுக்கு முன்பகுதி தடியாக இருக்கும், வால் இருக்காது. அடுத்தடுத்த நோட்டுகள் கல் பாவியதுபோல் வரும். பிறகு எஃகுக் கம்பி பரவியது. வியன்னாவின் தோமாஸ்டிக் கம்பெனி செய்யும் ஸ்பைரோகோர் கம்பியை இன்றும் ஜாஸ் ஆட்கள் சத்தியம் செய்து வாங்குகிறார்கள். அதில் நோட்டு நீளும், உறுமும், கம்பியைத் தாழ்த்தி வைத்து வேகமாக வாசிக்கலாம். 70-களில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் அதிர்வை வாங்கும் பிக்கப்பைப் பொருத்தி நேரே மிக்ஸருக்கு அனுப்பும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. ரான் கார்ட்டரின் அந்தக் காலத்து ரெக்கார்டிங்குகளில் பாஸ் ரப்பர் மாதிரி இழுபட்டு "ம்வா" என்று வாயைத் திறப்பதைக் கேட்கலாம். சிலருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

சாம்பிள் தொகுப்புகளில் பெரும்பாலானவை எஃகுக் கம்பியில் எடுக்கப்பட்டவை. பழைய ஒலிதான் வேண்டும் என்றால் வாலை நீங்கள்தான் வெட்ட வேண்டும். என்வலப்பில் டிகேயை, அதாவது நோட்டு அடங்கும் நேரத்தை, குறைத்து, மைக் ஃபேடரை (ஒலி அளவுத் தள்ளியை) ஏற்றி, பிக்கப் ஃபேடரை முழுக்க இறக்கிவிடுங்கள். அதனால் மைக், பிக்கப் இரண்டுக்கும் தனித்தனி ஃபேடர் இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்க்கும் விஷயம். எத்தனை ஜிபி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது சோதனை. எந்தப் பாஸையும் நான் எஃப் ப்ளூஸில், அதாவது எஃப்-ஐ ஆதாரமாகக் கொண்ட ப்ளூஸ் பாட்டில், வைத்துத்தான் பார்ப்பேன். ஒரு பாருக்கு நான்கு பீட். முதல் பாரில் எஃப், ஏ, சி, பி. இரண்டாவது பாரில் பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், ஜி, ஜி ஃப்ளாட். மூன்றாவது பாரில் மறுபடி எஃப்-இல் வந்து இறங்குங்கள். எல்லாமே கால் நோட்டு, அதாவது பீட்டுக்கு ஒன்று, வேகம் 160. இந்த எட்டு நோட்டில் பாஸின் ஜாதகமே இருக்கிறது.

முதல் பாரின் இரண்டாவது நோட்டை, அந்த ஏ-யைக் கவனியுங்கள். பாஸின் நான்கு கம்பிகள் கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி. அதனால் அந்த ஏ-யை வாசிப்பவன் திறந்த கம்பியில் அடிப்பான். இடது கையை அடுத்த சி-க்கு நகர்த்த அவனுக்கு அங்கேதான் நேரம் கிடைக்கிறது. விரல் வைக்காத கம்பி கொஞ்சம் பிரகாசமாக, கொஞ்சம் அசட்டையாக ஒலிக்கும். அந்த வித்தியாசம் உங்கள் தொகுப்பில் கேட்கிறதா? எஃப்-உம் ஏ-யும் ஒரே அச்சில் வார்த்த இட்லி மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். அதே ஏ-யை ஈ கம்பியின் மேலே போயும் வாசிக்கலாம். அங்கே அது தடித்து, மங்கி ஒலிக்கும். எந்தக் கம்பியில் வாசிக்க வேண்டும் என்று நாம் சொல்ல இடம் தரும் தொகுப்பு என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இரண்டாவது பாரில் பி ஃப்ளாட்டுக்குப் பிறகு வருபவை மூன்றும் ஒரே கம்பியில் அரைச் சுரம் அரைச் சுரமாகச் சரிந்து இறங்குகின்றன. மிடியில் (எந்த நோட்டு, எப்போது, எவ்வளவு நேரம் என்று கணினி குறித்துவைக்கும் பதிவில்) ஒவ்வொரு நோட்டையும் அடுத்ததின் மேல் ஒரு 10 மில்லிசெகண்ட் ஏறும்படி நீட்டிப் பாருங்கள். நிஜ பாஸில் ஒரே கம்பி ஒரே நேரத்தில் இரண்டு நோட்டு தராது. ஏ ஃப்ளாட் இன்னும் உறுமிக்கொண்டிருக்கும்போதே ஜி-யும் கேட்டால், அந்தப் பாஸுக்கு ஒரே கம்பியில் இரண்டு ஆள் வாசிக்கிறார்கள் என்று அர்த்தம். சிலவற்றில் மோனோ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டதும் சரியாகிவிடும், ஆனால் யாரும் அதைத் தேடுவதில்லை.

அப்புறம் எஃப்-ஐ மட்டும் எட்டு முறை தொடர்ந்து, ஒரே வெலாசிட்டியில், அதாவது ஒரே அழுத்தத்தில். எட்டும் அச்சடித்ததுபோல் இருந்தால் உங்கள் தையல் மெஷின் பிடிபட்டுவிட்டது. ஒரு நோட்டையே நான்கைந்து முறை தனித்தனியாகப் பதிவுசெய்து மாற்றி மாற்றிப் போடுவதைத்தான் ரவுண்ட் ராபின் என்கிறார்கள். அது இல்லையென்றால், அல்லது இரண்டே இரண்டு இருந்தால், பீட்டுக்கு ஒரு நோட்டாக நடந்துபோகும் வாக்கிங் பாஸுக்கு உதவாது.

கடைசியாக, செத்த நோட்டு. இடது கையால் கம்பியை லேசாகத் தொட்டபடி வலது விரலால் இழுத்தால் சுருதி இல்லாமல் "டுக்" என்று ஒரு சத்தம் வரும். கோஸ்ட் நோட் என்பார்கள். ஜாஸ் பாஸில் ஊஞ்சலாட்டம், அதாவது ஸ்விங், என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு இதுதான். நான்காவது பீட்டின் வாலில், டிரிப்லெட்டின் மூன்றாம் பங்கில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தொகுப்பில் அது நிஜமாகப் பதிவாகியிருக்க வேண்டும். சாதாரண நோட்டின் வால்யூமைக் குறைத்துவிட்டு அதையே கோஸ்ட் என்று சொல்லித் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு.

இப்போது உங்கள் நான்கு பேருக்கு வருகிறேன். டிரிலியன் பெரியது, சுமார் 34 ஜிபி. அதில் அப்ரைட் பாஸ் ஒரு பகுதிதான், எலெக்ட்ரிக், சிந்த் எல்லாம் சேர்ந்தே வரும். நான் வாங்கியபோது 299 டாலர், உங்கள் தொகைக்கு மேல். அதன் அப்ரைட் பாஸை நான் இன்றும் பாலட்டுக்கு எடுக்கிறேன், வேகமான பாட்டுக்கு எடுப்பதில்லை. மோடோ பாஸில் சாம்பிளே இல்லை. கம்பி, உடம்பு, விரல் படும் இடம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ஒலியை அந்த நேரத்தில் உண்டாக்குகிறது. டபுள் பாஸ் அதில் 2-ஆம் பதிப்பில்தான் வந்தது. டிஸ்கில் இடம் அடைக்காது, ஒரே நோட்டு இரண்டு முறை ஒரேமாதிரி வராது. வேகத்தில் அசத்துகிறது. மெதுவான பாட்டில் மரத்தின் வாசனை கொஞ்சம் குறைவு, என் காதுக்கு. செஷன் பாஸிஸ்ட் முன்கூட்டியே வாசித்த பேட்டர்ன்களை நீங்கள் கொடுக்கும் கார்டுக்கு ஏற்ப ஓட்டுவதற்காகச் செய்தது. நோட்டு நோட்டாக வாசிக்கவும் அதில் ஒரு பகுதி இருக்கிறது. லைன் எழுத வராதவர்களுக்கு அது வரப்பிரசாதம். நீங்கள் எழுதுகிறவர், அதன் பெரும்பகுதி உங்களிடம் சும்மா கிடக்கும். ஆம்பிளில் எந்தக் கம்பியில் வாசிக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். சறுக்கல், ஹேமர் ஆன் (இடது விரலைக் கம்பியில் தட்டியே நோட்டு எழுப்புவது) எல்லாம் கீஸ்விட்சில், அதாவது வாசிக்கும் விதத்தை மாற்றும் கட்டைகளில், கைக்கு எட்டும். பல சாம்பிள் தொகுப்புகளை ஓட்டும் கான்டாக்ட் என்ற மென்பொருள் தேவையில்லை, தனியாகவே ஓடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஆம்பிள். ஆனால் இன்றே வாங்கமாட்டேன். கரோரிஃபர் என்கிறவர்கள் மீட்பாஸ் என்று ஒரு டபுள் பாஸை இலவசமாகக் கொடுக்கிறார்கள். பிளோக் கம்பெனியின் ஸ்ஃபோர்ட்ஸாண்டோ என்ற பிளேயரும் இலவசம். அதில் போட்டு மேலே சொன்ன எஃப் ப்ளூஸை ஒரு மாதம் எழுதிப் பழகுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் தையல் மெஷின் ஓடினால் காரணம் பாஸ் இல்லை, லைன்.

வாங்கும்போது ஒரு வரியை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். இலவச கான்டாக்ட் பிளேயரில் ஓடுமா, முழு கான்டாக்ட் வேண்டுமா என்கிற வரி. நான் ஒருமுறை தள்ளுபடி விலையைப் பார்த்த அவசரத்தில் ஒரு பாஸை வாங்கினேன். பெயர் வேண்டாம். படிக்காதது என் தப்புதான். முழு கான்டாக்ட் தேவைப்படும் தொகுப்பை இலவசப் பிளேயரில் திறந்தால் 15 நிமிடம் மட்டும் ஓடும். ஒரு விளம்பரப் பட இயக்குநர் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணம் நடுவில் பாஸ் மாயமாகிவிட்டது. "இந்த இடத்துல காலியா விட்டீங்க பாருங்க, சூப்பர் சார்" என்றார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒளிபரப்பான பதிப்பிலும் அந்த இடத்தில் பாஸ் இல்லை.

கேள்வி: என் வாக்கிங் பாஸை ஒழுங்காகக் குவான்டைஸ் செய்து (நோட்டுகளைத் தாளக் கட்டத்தில் ஒட்டவைத்து), 66 சதவீதம் ஸ்விங்கும் போட்டேன். ஆனாலும் ஸ்விங் ஆகவில்லை. – சிங்கப்பூர் வாசகி

பதில்: நீங்கள் ஸ்விங் போட்டது யாருக்கு? வாக்கிங் பாஸில் வருபவை கால் நோட்டுகள். ஸ்விங் சதவீதம் அரை பீட் அளவான எட்டாம் நோட்டுகளை மட்டும்தான் நகர்த்தும். உங்கள் பாஸ் அதைச் சட்டை செய்திருக்காது.

முதலில் குவான்டைஸை எடுத்துவிடுங்கள். இடது கையின் இரண்டு விரலால், ஆள்காட்டியும் நடுவிரலும் மட்டும் வைத்து, கீபோர்டில் நேரடியாக வாசித்துப் பதிவுசெய்யுங்கள். பத்து விரலும் இருந்தால் பியானோக்காரரின் பாஸ்தான் வரும். தப்பான நோட்டைத் திருத்துங்கள், நேரத்தைத் தொடாதீர்கள். ரொம்பவும் தள்ளிப்போன ஒன்றிரண்டை மட்டும் இழுத்து வையுங்கள்.

அடுத்தது நீளம். 140 வேகத்தில் ஒரு பீட் ஏறக்குறைய 430 மில்லிசெகண்ட். புதிதாக எழுதுகிறவர்கள் நோட்டை 200-இல் வெட்டிவிடுகிறார்கள். அப்போது பாஸ் விக்கும். 390, 400 வரை பிடியுங்கள். நடக்கிறவன் ஒரு காலைத் தரையிலிருந்து எடுப்பதற்குள் அடுத்த காலை வைத்துவிடுகிறான் இல்லையா, அந்த அளவு. வெலாசிட்டியில் 2, 4-ஆம் பீட்டுகளுக்கு ஐந்தாறு புள்ளி கூடக் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சில தொகுப்புகளில் 120-ஐத் தாண்டினால் கம்பி விரல்பலகையில் மோதும் சத்தமோ சறுக்கலோ தானாகக் கிளம்பிவிடும். உங்கள் தொகுப்பு எங்கே குணம் மாறுகிறது என்று 60-லிருந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, இதுதான் பலருக்குத் தெரியாமல் உறுத்தும் விஷயம். விரலால் இழுக்கும் பாஸ் டிரம்ஸ் மாதிரி சட்டென்று தொடங்காது. விரல் கம்பியில் பட்டு, இழுத்து, விட்ட பிறகுதான் நோட்டு. இதைச் சாம்பிளில் அப்படியே வைத்திருப்பவர்கள் உண்டு. நீங்கள் கட்டத்தில் சரியாக வைத்த நோட்டு காதுக்கு 15, 20 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். டிரம்ஸின் ஒரு ரிம் ஷாட்டையும் பாஸ் நோட்டையும் ஒரே கோட்டில் வைத்து ஆடியோவாக மாற்றி, பெரிதாக்கிப் பாருங்கள். தாமதம் தெரிந்தால் பாஸ் டிராக் முழுவதையும் அந்த அளவு முன்னால் தள்ளுங்கள். அப்புறம் காதை வைத்து இன்னும் ஒரு 5 மில்லிசெகண்ட் முன்னே. டிரம்ஸின் ரைடு சிம்பலை லேசாக இழுத்துக்கொண்டு போவதுபோல் பாஸ் முன்னால் சாய வேண்டும். ரே பிரவுன் வாசித்ததைக் கேட்டால் நான் சொல்வது புரியும். வேகம் ஏறாது, ஆனால் ஏறப்போவதுபோல் இருந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி மாணவன். ஐபோனில் கராஜ்பேண்ட் மட்டும்தான் இருக்கிறது. ஜாஸ் பாஸ் பழகலாமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: தாராளமாக, தம்பி. கராஜ்பேண்டில் அப்ரைட் பாஸ் இருக்கிறது, அதுவே போதும். பின்னால் மேக் வாங்கி லாஜிக்குக்குப் போனால், 2024-இல் வந்த 11-ஆம் பதிப்பில் தானாக வாசிக்கும் பாஸ் பிளேயரும் உண்டு. ஆனால் அதைத் தொடுவதற்கு முன் நீயே ஐம்பது லைன் எழுது. இன்னொன்று, ஹெட்போன் போடு. போனின் ஸ்பீக்கரில் பாஸ் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற மாதிரி.

கேள்வி: புதிதாக வாங்கிய பாஸின் கையேட்டில் மிகத் தாழ்ந்த நோட்டு ஈ1 என்று இருக்கிறது. என் மென்பொருளில் ஈ0-வில்தான் சத்தம் வருகிறது. ஃபைல் கெட்டுப்போயிற்றா? – மதுரை வாசகர்

பதில்: ஒன்றும் கெடவில்லை. நடு சி-யை, அதாவது மிடி எண் 60-ஐ, சிலர் சி4 என்கிறார்கள், சிலர் சி3 என்கிறார்கள். பாஸின் கீழ் ஈ மிடியில் எப்போதும் 28. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். ஈ-க்குக் கீழேயும் சத்தம் வந்தால் அது கம்பியை நீட்டும் சி எக்ஸ்டென்ஷன் வைத்த பாஸாக இருக்கலாம், அல்லது கீஸ்விட்சாக இருக்கலாம்.

கேள்வி: ஸ்டூடியோ ஸ்பீக்கரில் பாஸ் கேட்கிறது. நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் "பாஸ் எங்கே?" என்கிறார்கள். ஏற்றினால் வீட்டில் இரைகிறது. – சேலம் வாசகர்

பதில்: கீழ் ஈ-யின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் 200-க்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது. உங்கள் 5 அங்குல ஸ்பீக்கரிலும் 41 ஒழுங்காக வராது. இதில் வேடிக்கை என்னவென்றால், நிஜ டபுள் பாஸிலேயே அந்த 41 பலவீனம்தான். அதன் உடம்பு அவ்வளவு கீழே ஒத்து அதிரும் அளவுக்குப் பெரிதில்லை. நாம் ஈ என்று கேட்பது பெரும்பாலும் 82-உம் அதற்கு மேலேயும் இருக்கும் ஒத்திசை அதிர்வுகளைத்தான். அடிநாதத்தை மூளை தானே போட்டுக்கொள்கிறது. அதனால் அடியை ஏற்றிப் பயனில்லை. 35-க்குக் கீழே வெட்டுங்கள். 200, 250 பக்கம் பெட்டிக்குள் பேசுவதுபோல் இருந்தால் இரண்டு, மூன்று டெசிபல் குறையுங்கள். 800-லிருந்து 1000 வரை கொஞ்சம் ஏற்றினால் விரல் கம்பியில் உரசும் சத்தம் வெளியே வரும். போனில் பாஸை அடையாளம் காட்டுவது அந்த விரல்தான்.

மைக்கும் பிக்கப்பும் தனித்தனி ஃபேடராக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். பாஸுக்கு ஓரடி தள்ளி வைத்த மைக், பிரிட்ஜில் ஒட்டிய பிக்கப்பைவிட அந்த அளவு தாமதமாகக் கேட்கும். இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று தின்னலாம். ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பாருங்கள், எதில் தடியாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ரிவெர்ப் கிட்டத்தட்ட வேண்டவே வேண்டாம். 50-களில் ஜாஸின் எத்தனையோ ஒலிப்பதிவுகளைச் செய்த ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகராக இருந்தவர். நியூஜெர்ஸியில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில்தான் பதிவு செய்தார். 1959-இல்தான் தனி ஸ்டூடியோவுக்குப் போனார். வீட்டு ஸ்டூடியோ என்று நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஜாஸ் பாஸ் தொகுப்பில் வில் போட்டு வாசிப்பது ஏன் இருப்பதில்லை? – புதுச்சேரி வாசகர்

பதில்: சிலவற்றில் உண்டு, மீட்பாஸில்கூட உண்டு. ஜாஸில் தேவை குறைவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பால் சேம்பர்ஸ் வில்லோடு தனி ஆவர்த்தனமே வாசித்திருக்கிறார். ஸ்லாம் ஸ்டூவர்ட் வில் போட்டு வாசித்தபடியே ஒரு ஆக்டேவ் மேலே கூடவே பாடுவார். அதையெல்லாம் சாம்பிளில் கேட்காதீர்கள். தேவைப்பட்டால் ஆர்கெஸ்ட்ரா தொகுப்பில் தனி பாஸ் எடுங்கள். எட்டுப் பேர் சேர்ந்து வாசிக்கும் செக்‌ஷனை டிரியோவில் போட்டுவிடாதீர்கள். அதேபோல் ஸ்காட் லஃபாரோ மாதிரி பாஸை உச்சாணியில் ஏற்றிப் பியானோவோடு பேசவைக்க ஆசைப்பட்டால், வாங்குமுன் மேல் ஜி-க்கு அப்பால் நான்கு நோட்டு அடித்துப் பாருங்கள். பல தொகுப்புகள் அங்கே மூச்சு வாங்கும்.

கேள்வி: நீங்களே டபுள் பாஸ் வாசிப்பவர். உங்கள் பாட்டுகளில் சாம்பிள் எதற்கு? – சென்னை வாசகர்

பதில்: நியாயமான கேள்விதான். என் பாஸ் இன்னும் வீட்டில் நிற்கிறது. பிளைவுட் பாஸ், பழசாக வாங்கியது. அம்பாசிடர் டாக்ஸியின் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, கையை ஜன்னல் வழியாக நீட்டிப் பிடித்துக்கொண்டே கோடம்பாக்கம் போன காலம் உண்டு. ஒருமுறை இறக்கும்போது உள்ளே இருக்கும் சவுண்ட்போஸ்ட் என்ற முட்டுக் குச்சி விழுந்து, பாஸுக்குள் உருண்டது. அன்றைய ரெக்கார்டிங்கில் எலெக்ட்ரிக் பாஸ்தான்.

இப்போது அதை வீட்டில் பதிவுசெய்ய மூன்று தடவை உட்கார்ந்தேன். முதல் தடவை பக்கத்து வீட்டு மோட்டார். இரண்டாவது தடவை பிக்கப் போட்டேன். எர்த் சரியில்லை, லைனில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஈ கம்பியில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். எஃப் ப்ளூஸில் அந்த ஜி வரும்போதெல்லாம் இரைச்சலோடு சேர்ந்து செகண்டுக்கு ஒரு முறை "வூம்… வூம்…" என்று ஊசலாடியது. மற்ற நோட்டெல்லாம் சுத்தம், ஜி மட்டும் பிசாசு பிடித்ததுபோல். எலெக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சரிசெய்தார். மூன்றாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. நாற்பது நிமிடம் வாசித்ததும் வலது ஆள்காட்டி விரலில் கொப்புளம். வாசிக்காமல் விட்டு வருடங்கள் ஆயிற்றே.

கொப்புளம் ஆறியதும் தினமும் அரை மணி நேரம் உட்கார்கிறேன். பாட்டுக்கு இப்போதைக்குச் சாம்பிள்தான்.